நேரில் ஓட்டிப் பார்த்தது

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். மேற்பார்வையாளர் என்று பெயர்தானே தவிர, உட்கார ஒரு நாற்காலி கிடையாது. காலை ஆறிலிருந்து ஈரப் போர்வைகளைப் பிரித்து அனுப்பி, நின்றுபோன உலர்த்தியைத் தட்டி எழுப்பி, வார்டுகளிலிருந்து வரும் தொலைபேசி வசவுகளை வாங்கிக் கட்டிக்கொண்டு அவள் வீடு வந்து சேரும்போது வலது இடுப்பு தனியாகக் கழன்று வந்துவிடும் போலிருக்கும். வந்ததும் முதல் வேலை, காலை முக்காலிமேல் தூக்கி வைப்பது. அடுத்தது, மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தைப் போடுவது.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் அவளுக்கு மேப்பக்கா என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. பதினோரு வருடமாக அந்தக் கூட்டம் எங்கே கிளம்பினாலும் வழி போட்டுக் கொடுப்பவள் அவள்தான். வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, தள்ளி இன்னொரு புள்ளி வைத்தால் நடுவில் கோடு தானாக ஓடிப் போய்ச் சேரும். ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு லாரி ஓடும் பெரிய சாலையில் போய் விழும். அதைப் பிடித்து இழுத்துச் சின்னச் சாலைக்குக் கொண்டு வர வேண்டும். கீழே ஏற்ற இறக்கம் காட்டும் வளைகோட்டைப் பார்த்து, மூச்சு வாங்குகிற இடத்துக்குப் பிறகு டீ குடிக்க ஒரு கடை இருக்கிறதா என்று தேட வேண்டும். எல்லாம் சரியென்றால் சேமிக்க வேண்டும். அவளுடைய கணக்கில் முந்நூற்றுக்கும் மேல் பாதைகள் கிடந்தன. "ஏரிச் சுற்று", "ஏரிச் சுற்று புதுசு", "ஏரிச் சுற்று புதுசு - இதையே எடுக்கவும்" என்று ஒன்றின்மேல் ஒன்றாக.

சேமிக்கும்போது கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வரும். "நேரில் ஓட்டிப் பார்த்தது" என்று அதன் பக்கத்தில் எழுதியிருக்கும். அதில் டிக் போட்டால் பாதையின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி விழும், தேதியோடு. பச்சைப் புள்ளி இல்லாத பாதையில் கூட்டம் போகாது. அது அவளே கொண்டு வந்த விதி. ஆறு வருடத்துக்கு முன் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வீட்டிலிருந்தபடியே வரைந்து கொடுத்த பாதையை நம்பிப் போய், இருபது பேரும் குப்பை மேட்டில் ஏறி நின்றார்கள். நாய்கள் துரத்தின துரத்தலில் ஒருவர் செருப்பை விட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு அவள்தான் கறாராகச் சொன்னாள், ஓட்டிப் பார்க்காத பாதையை இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாது என்று. கூட்டத்தை நடத்துகிற மருந்துக்கடைத் தம்பி அதை அப்படியே விதிகளில் எழுதிச் சேர்த்துக்கொண்டார்.

அந்த விதியை அவள் நாலு வருடம் மீறவில்லை. வாரநாட்களில் ஷிப்ட் முடிந்ததும் தனியாகக் கிளம்பிப் போய், ஒவ்வொரு பாதையையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் டிக் போடுவாள். அப்புறம் இடுப்பு கையை விரித்துவிட்டது. மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். மூன்று மாத விடுப்பு வேண்டும். சலவைக்கூடத்தை யார் பார்ப்பது என்று அவள் தள்ளிப் போட்டாள். அடுத்த மாதம் பார்க்கலாம், வெயில் குறையட்டும் என்று தள்ளித் தள்ளி இரண்டு வருடம் ஓடியது. சைக்கிள் நடைவழியில் சுவரோரமாக நின்றது. லிப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் எப்போதாவது சும்மா இருக்க முடியாமல் அதன் சங்கிலிக்கு எண்ணெய் போடுவார்.

கூட்டத்துக்கு அவள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை டியூட்டி போட்டுவிட்டார்கள் என்றாள். உண்மையில் பாதி ஞாயிறுகள் டியூட்டியும் இருந்தது, அதனால் அது பெரிய பொய்யாகத் தெரியவில்லை. முதல் தடவை டிக் போட்டபோதுகூட அந்தப் பாதையில் முக்கால்வாசி அவள் முன்பு எப்போதோ போனதுதான். மிச்சம் நாலு கிலோமீட்டர். அதை வானத்திலிருந்து எடுத்த படத்தில் பெரிதாக்கிப் பார்த்தாள். சாலை தெரிந்தது, மரம் தெரிந்தது. மற்றவர்கள் ஓட்டிய தடங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரிந்தன. போதாதா என்று நினைத்தாள். அந்த ஞாயிறு எல்லாரும் போய்விட்டு வந்து, அருமையான வழி மேப்பக்கா என்று எழுதினார்கள். அடுத்த பாதையில் தெரியாத இடம் பத்து கிலோமீட்டர் ஆனது. அதற்கப்புறம் முழுப் பாதையும் முக்காலியில் கால் வைத்தபடியே முடிந்தது.

வெறும் டிக்கோடு அவள் நிற்கவில்லை என்பதுதான் பிற்பாடு அவளை அதிகமாகக் குத்தியது. முன்பெல்லாம் பாதையோடு சின்னச் சின்னக் குறிப்புகளும் எழுதிக் கொடுப்பாள்: இங்கே மண் சரளை, இங்கே பள்ளிக்கூடம் விடும் நேரம், இங்கே தண்ணீர்க் குழாய் உண்டு என்று. குறிப்பு இல்லாவிட்டால் சந்தேகம் வருமே. அதனால் படத்தைப் பார்த்துக் குறிப்புகளையும் எழுதினாள். அறுபத்திரண்டு கிலோமீட்டர் கால்வாய்ச் சுற்று ஒன்று வரைந்தபோது, "முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் நடைபாலம். இந்தப் பக்கம் நல்ல நிழல், நின்று தண்ணீர் குடிக்கலாம்" என்று எழுதினாள். படத்தில் மர உச்சிகள் பச்சையாகத் தெரிந்தன. எழுதும்போது அவளுக்கே அந்த நிழலில் நின்ற மாதிரி இருந்தது.

அந்தச் சுற்றுக்குக் கூட்டம் போன ஞாயிறு, பகல் பதினோரு மணிக்கு மருந்துக்கடைத் தம்பியிடமிருந்து போன் வந்தது. அவள் சலவைக்கூடத்தில் இருந்தாள். ஒரு பக்கம் இயந்திரம் இரைந்ததால் வெளியே வந்து நின்று கேட்டாள். கூட்டத்தில் வருகிற வயலின் டீச்சர் விழுந்துவிட்டார். பாலத்துக்கு முன்னால் இறக்கம், சரளை. டீச்சர்தான் முன்னால் போனார். கைப்பிடியில் மாட்டியிருந்த வழி காட்டும் கருவி நேராகப் போகச் சொன்னது. பாலத்தில் பலகையே இல்லை, வெறும் இரும்புச் சட்டம்தான் நின்றது. கடைசி நிமிடத்தில் பிரேக்கைப் பிடித்ததில் வண்டி சறுக்கிக் கரையிலேயே விழுந்தார். தண்ணீரில் விழாமல் தப்பியது பெரிய காரியம். இடது காரை எலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து கூட்டிக்கொண்டு போகிறது.

இடது காரை எலும்பு. வயலின் உட்காரும் இடம்.

மூச்சு வாங்கிக்கொண்டு தம்பி கேட்டார். "பாலத்துல ஒரு பலகைகூட இல்லக்கா. நீங்க போனப்ப இருந்துச்சுல்ல?"

அவர் குற்றம் சாட்டவில்லை. எப்போது பிடுங்கினார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். உள்ளே ஓர் உலர்த்தி முடிந்ததற்கான மணி அடித்தது, யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"இருந்துச்சு தம்பி," என்றாள்.

டீச்சரைப் பார்க்க மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு போனாள். அதே மருத்துவமனைதான், மூன்றாவது மாடி. டீச்சர் போர்த்தியிருந்த போர்வை அவளுடைய கூடத்திலிருந்து போனது. ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் வலியோடு சிரித்துக்கொண்டே பேசினார். மூன்று மாதம் வயலினைத் தொடக் கூடாதாம், மாணவர்களை வாயாலேயே மேய்க்க வேண்டியதுதான் என்றார். அக்காவின் குறிப்பைப் படித்துவிட்டு, நிழல் எங்கே நிழல் எங்கே என்று தேடிக்கொண்டே வந்ததாகவும், ஒரு மரம்கூட இல்லாமல் மொட்டையாக இருந்ததாகவும், பலகையைப் பிடுங்கியவர்களே மரத்தையும் வெட்டியிருப்பார்கள் என்றும் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

கூட்டம் சும்மா இருக்கவில்லை. எச்சரிக்கைப் பலகைகூட வைக்காமல் பாலத்தைப் பிரித்துப் போட்டவர்களை விடக் கூடாது என்று கால்வாய் அலுவலகத்துக்கு மனு எழுதினார்கள். மருந்துக்கடைத் தம்பி எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். அவளுடைய பாதையின் பக்கத்தைப் பச்சைப் புள்ளியும் தேதியும் தெரியும்படி அச்செடுத்து மனுவோடு இணைத்தார். விபத்துக்குப் பத்து நாளைக்கு முன்னால் எங்கள் உறுப்பினர் இந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறார், ஆகவே அதற்குப் பிறகுதான் பலகைகளை எடுத்திருக்கிறார்கள் என்று எழுதினார். அவளிடமும் கையெழுத்துக் கேட்டார். அவள் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, அலுவலகங்களில் இந்த மாதிரிக் காகிதங்கள் தூசி படிந்து கிடக்கும், யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பிரித்துப் பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்து அவள் வீட்டில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தபோது தம்பி உற்சாகமாகப் போன் செய்தார். கால்வாயின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மதகுக்காரருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிருக்கிறது. பலகைகள் மக்கிப் போய் இரண்டு வருடத்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டது, அப்போதே மேலே எழுதியும் போட்டேன் என்று அந்த ஆள் சாதிக்கிறாராம். அவர் எழுதிப் போட்ட காகிதத்தைக் காணவில்லையாம்.

"நல்லவேளை உங்க பதிவு இருந்துச்சுக்கா. தேதியோட இருக்கறதால அவர் வாயே திறக்க முடியல. வேலையை விட்டு நிறுத்தி வெச்சாலும் வைப்பாங்களாம்," என்றார்.

போனை வைத்த பிறகும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். திரையில் அடுத்த ஞாயிறுக்கான பாதை பாதி வரைந்து நின்றது. யாரென்றே தெரியாத ஒரு மனுஷன், உண்மையைச் சொல்லிக்கொண்டு, அவள் போட்ட ஒரு டிக்குக்கு எதிரே நிற்கிறான். கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. இரண்டு வருடமாகத் தூக்கிக்கொண்டு நடந்ததை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாத அலுப்பு.

சாயங்காலம் கணவர் வேலையிலிருந்து வந்து கையிலிருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பூசி மெழுகாமல், தம்பியிடம் போனில் சொன்னதுவரை சொன்னாள். அவர் குழாயை மூடவில்லை, திரும்பவும் இல்லை. முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நீ வண்டிய தொடலன்னு எனக்குத் தெரியும். நீ அவங்ககிட்ட சொல்லலன்னுதான் தெரியாது."

"இப்ப என்னங்க பண்றது?"

"அந்தப் பாலத்த நீ பாத்திருக்கியா?"

இல்லை என்றாள்.

"மொதல்ல போய்ப் பாரு." கூட வரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றாள்.

மறுநாள் விடுப்புப் போட்டாள். பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, கால்வாய்க் கரையோடு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். திரையில் அது அவள் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. நடந்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பாதை முழுக்கச் சரளை. படத்தில் அது வழவழவென்று சாம்பல் நிறத்தில் தெரிந்திருந்தது. மரங்கள் இருந்த இடத்தில் அடிக்கட்டைகள் வரிசையாக இருந்தன. வெட்டுவாயெல்லாம் கறுத்துப் போயிருந்தது, நேற்று வெட்டியதில்லை, படம்தான் பழையது. ஓர் அடிக்கட்டைமேல் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நல்ல நிழல், நின்று தண்ணீர் குடிக்கலாம் என்று எழுதியது இந்த இடத்தைத்தான்.

பாலம் இறக்கத்தின் முடிவில் நின்றது. இரண்டு பக்கமும் இரும்பு, நடுவே குறுக்குச் சட்டங்கள், கீழே கலங்கல் தண்ணீர் மெதுவாகப் போனது. சட்டங்களில் துரு ஏறி, ஆணித் துளைகள்கூட அடைபட்டிருந்தன. ஒரு மாதத்தில் துரு இப்படி ஏறாது. தம்பியோ மற்றவர்களோ இதைக் கவனித்திருக்கலாம். ஆனால் ரத்தமும் பதற்றமுமாக இருந்த நேரத்தில் யார் துருவைப் பார்ப்பார்கள்? அதோடு மேப்பக்கா போய்வந்த பாலம் என்றிருக்கும்போது எதற்குப் பார்க்க வேண்டும்?

கொஞ்ச தூரத்தில் மதகும் அதன் பக்கத்தில் ஒற்றை அறையும் இருந்தன. வாசலில் ஒருவர் தண்ணீர் மட்டம் குறிக்கும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் இல்லை. அவள் நொண்டி நொண்டி வருவதைப் பார்த்து, தாம் உட்கார்ந்திருந்த ஸ்டூலை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டார். யார், எதற்கு வந்தாள் என்று கேட்கவில்லை. பாலம் பார்க்க வந்தவள் என்பது தெரிந்துதான் இருந்தது. இந்த ஒரு மாதத்தில் அலுவலகத்திலிருந்து மூன்று தடவை வந்து படமெடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அவராகவே பேசினார். பலகை மக்கிப் போனது, எடுத்தது, தாமே இரண்டு மூங்கிலைக் குறுக்கே கட்டி வைத்தது, அதை யாரோ அடுப்பெரிக்க அவிழ்த்துக்கொண்டு போனது, மறுபடி கட்டியது, மறுபடி போனது. ஆறு தடவை கட்டினாராம். அதற்கப்புறம் அலுத்துவிட்டது என்றார். மேலே எழுதிப் போட்டதற்கு நகல் எடுத்து வைக்காதது தம் தப்புதான் என்றார். குரலில் புகார் இல்லை. இதே கதையைப் பலரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல்.

"யாரோ ஒரு அம்மா அந்த விபத்துக்குப் பத்து நாளைக்கு முன்னாடி இதுமேல சைக்கிள்ல போனேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. கம்ப்யூட்டர்ல பதிவாயிருக்காம். கம்ப்யூட்டர் சொன்னா நான் என்னம்மா சொல்ல முடியும்?"

"அது நான்தாங்க," என்றாள் அவள். "நான் போகல. வீட்ல உக்காந்து டிக் போட்டேன்."

அவர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். காலைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் எழுந்து அறைக்குள் போய் ஒரு பேனாவோடு வந்தார். நோட்டின் பின்பக்கத்திலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்தார்.

"எங்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது? எழுதிக் குடுங்க."

ஸ்டூலில் உட்கார்ந்து, தொடைமேல் நோட்டை வைத்துக்கொண்டு எழுதினாள். எழுதியதை அவர் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். தேதி விட்டுப் போயிருந்ததைச் சுட்டிக் காட்டினார். பிறகு இன்னொரு தாளைக் கிழித்து, அதே மாதிரி இன்னொன்று என்றார். இந்தத் தடவை நகல் அவரிடம் இருக்க வேண்டுமாம். இரண்டாவதை எழுதி முடிப்பதற்குள் அவளுக்குக் கை வலித்தது. அவர் நன்றி சொல்லவில்லை, அவளும் மன்னிப்பு என்ற வார்த்தையைத் தேடி எடுக்கவில்லை. கிளம்பும்போது, நாலு மணிக்குப் பஸ் இருக்கிறது, அதை விட்டால் ஆறுதான் என்று மட்டும் சொன்னார்.

வயலின் டீச்சர் அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தார். மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் நேராக அங்கே போனாள். முன்னறையில் மாணவர்களுக்கான நாலு நாற்காலிகள், மூடிய வயலின் பெட்டி, சுவரோரம் வளைந்த கைப்பிடியோடு சைக்கிள். டீச்சரின் இடது கை கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் இருந்தது. உட்காரச் சொன்னதற்கு அவள் நின்றுகொண்டே சொன்னாள். இது மூன்றாவது தடவை சொல்வது போலவும் முதல் தடவை போலவும் இருந்தது. டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். நிழல் பற்றிச் சொன்னபோது மட்டும் முகம் மாறியது.

அவள் முடித்ததும் டீச்சர் சொன்னார். "விழுந்ததுக்கு உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன்கா. வண்டி ஓட்டறவங்க விழத்தான் செய்வாங்க. ஆனா பழம் வாங்கிட்டு வந்து எம்பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தீங்களே, அப்ப என்ன நெனச்சிட்டு இருந்தீங்க?"

நல்லபடியாக ஒரு பதில் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வேறு பதில் வந்தது.

"எப்ப எழுந்து போலாம்னு நெனச்சேன்."

டீச்சர் தலையை ஆட்டினார். கதவுவரை வந்து வழியனுப்பினார். ஆனால் மறுபடி வாங்க என்று சொல்லவில்லை.

மருந்துக்கடைத் தம்பிக்குத்தான் அதிகம் வலித்தது. கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்ச் சொன்னாள். அவர் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி, மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினார். எத்தனை பாதைகள் என்று கேட்டார். நாற்பத்து மூன்று என்றாள். என் அம்மாவை அதில் இரண்டு பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனேன் அக்கா என்றார். மனுவைத் திரும்பப் பெறுவதாகவும் தவறு தங்கள் பக்கம் என்றும் அன்றைக்கே அலுவலகத்துக்கு எழுதினார். அவளுடைய தாளும் போய்ச் சேர்ந்தது. மதகுக்காரரின் நோட்டீஸை ரத்து செய்தார்கள். தடுப்பு வைக்காததற்கு ஒரு கண்டிப்புக் கடிதம் மட்டும் கொடுத்தார்களாம். அதையாவது கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் இப்போது பாலத்துக்கு முன்னால் கல்தூண் நட்டு இரும்புச் சங்கிலி போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவளே எழுதினாள். எழுதி அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒருவர் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பியிருந்தார். ஒருவர் இதையெல்லாம் விடுங்கள் என்று எழுதியிருந்தார். ஒருவர், குப்பை மேட்டுப் பாதை வரைந்தவர், அன்றைக்கு என்னை எப்படிப் பேசினீர்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தார். மற்றவர்கள் கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தார்கள். அந்த ஒரு வரிதான் நியாயம் என்று நினைத்தாள்.

பிறகு நாற்பத்து மூன்று பச்சைப் புள்ளிகளை எடுக்க உட்கார்ந்தாள். மொத்தமாக எடுக்க அந்தத் தளத்தில் வசதி கிடையாது. ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும், டிக்கை எடுக்க வேண்டும், நிச்சயமாகவா என்று அது கேட்கும், ஆமாம் என்று அழுத்த வேண்டும். குறிப்புகளையும் அழிக்க வேண்டும். "இங்கே காற்று எதிரே வரும்." எந்தக் காற்று? "பிள்ளையோடு வருகிறவர்களுக்கு ஏற்ற இடம்." யார் சொன்னது? இரண்டு மத்தியானங்கள் போயின. கால்வாய்ப் பாலத்தைப் பொதுவான வரைபடத்திலிருந்தே எடுக்கச் சொல்லி ஒரு திருத்தமும் அனுப்பினாள். நேரில் பார்த்தீர்களா என்று அதுவும் கேட்டது. பார்த்தேன் என்று போட்டுவிட்டு, என்றைக்கு, எப்படிப் போனேன் என்றும் எழுதினாள். முகம் தெரியாத யாரோ நாலு நாள் கழித்து ஏற்றுக்கொண்டார்கள்.

விடுப்பைப் பற்றி இனி யோசிக்க ஒன்றுமில்லை. மருத்துவரிடம் போய்த் தேதி வாங்கினாள். சலவைக்கூடம் அவள் இல்லாமலும் ஓடியது. கொஞ்சம் தாறுமாறாக ஓடியது, அவ்வளவுதான். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் மருந்துக்கடைத் தம்பி வலி மாத்திரையை எடுத்துக்கொண்டு தாமே வந்தார். வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போக வந்தவர், கணவர் விடாமல் கூப்பிட்டதால் உள்ளே வந்து உட்கார்ந்தார். கூட்டம் இப்போது பழைய பாதைகளையே சுற்றிச் சுற்றி வருகிறதாம். புதிதாக வரைந்தவர்கள் இரண்டு பேரும் பெரிய சாலையில் கொண்டுபோய் விட்டார்களாம். சொல்லிவிட்டு மாத்திரைப் பையை முக்காலிமேல் வைத்தார்.

"வரையறது நீங்க வரைங்கக்கா. ஓட்டிப் பாக்கறத நாங்க பாத்துக்கறோம். டிக் நீங்க போட வேண்டாம்."

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. இதுவே அவளுக்கு அதிகம் என்றுதான் பட்டது.

அப்படித்தான் இப்போது நடக்கிறது. அவள் வரைகிறாள். தெரியாத இடங்களில் தெரியாது என்று எழுதுகிறாள். ஒவ்வொரு பாதையிலும் அந்த வார்த்தை பத்துத் தடவையாவது வருகிறது. புதன்கிழமைகளில் முறை வைத்து இரண்டு பேர் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

மூன்றாவது புதன்கிழமை காலை, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக் கூடத்தில் நாலு தடவை நடந்து முடித்து அவள் உட்கார்ந்த நேரம் போன் அடித்தது. வயலின் டீச்சர். அன்று அவருடைய முறை என்பதே அவளுக்குத் தெரியாது. கட்டு அவிழ்த்து மறுபடி வண்டி ஏறியிருக்கிறார் என்பதும் தெரியாது. எப்படி இருக்கீங்க என்ற பேச்செல்லாம் இல்லை. மூச்சிரைப்பும் காற்றும் கேட்டன.

"இங்க வழி ரெண்டா பிரியுது. உங்க கோடு இடது பக்கம் போகுது. அங்க ஒரு கேட் போட்டுப் பூட்டியிருக்கு. வலது பக்கம் எப்படி, போலாமா?"

அவள் திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். வலது பக்கத்தில் ஒரு சாம்பல் கோடு வளைந்து போனது. ஓரத்தில் பச்சை. போகலாம் போலத்தான் இருந்தது.

"தெரியல டீச்சர்," என்றாள். "நான் அந்தப் பக்கம் போனதே இல்ல."

அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்புகிற சத்தம்.

"சரி. லைன்லயே இருங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.